நடந்தால் போதுமா?

சென்ற மாதம் எங்கள் இலக்கியச் சந்திப்பு முடிந்து தேநீரும் வடையும் சுற்றி வந்துகொண்டிருந்த வேளையில், நான் சற்று முன்னதாகவே கிளம்ப வேண்டும் என்றேன். காரணம் கேட்டார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று, மறுநாள் விடியற்காலையில் துடுப்பு இயந்திரத்தில் எட்டுக் கிலோமீட்டர் வலிக்க வேண்டியிருக்கிறது, நேரத்தோடு உறங்க வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்பதில் தவறில்லை, வீட்டின் பேஸ்மென்ட்டில் தண்ணீரே இல்லாமல் படகு வலிக்கிற ஒருவனைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு யாரைப் பார்த்துச் சிரிப்பது? ஆனால் சிரிப்பு அடங்கியபின், எங்களில் மிகுதியாகப் படித்தவரும் நான் பெரிதும் மதிப்பவருமான ஒரு நண்பர் அமைதியாகச் சொன்னார்: "ஐம்பதுக்கு மேல் உடம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஒருவகை அற்பத்தனம் சார். வயதாவதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் செய்கிற வேலை. உடம்புக்கு ஒரு மணி நேரம் நடந்தால் போதும்."

கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். காரோட்டி வீடு வந்து சேர்ந்த நாற்பது நிமிடங்களில் பதில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, வழக்கம்போலத் தாமதமாக. நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஆகவே மறைவாகப் பேசுவதாக அவர் எண்ண இடமில்லை.

அவருடைய கூற்றில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. உடம்பின் மீது கவனம் செலுத்துவது அறிவுக்குக் கீழான செயல் என்பது ஒன்று. நடந்தால் போதும் என்பது மற்றொன்று. முதலாவது நம் இலக்கியவாதிகளின் தனிச்சொத்து. இரண்டாவது படித்த நடுத்தர வர்க்கம் முழுவதற்கும் பொதுவானது.

எழுத்தாளன் என்றால் நம் மனத்தில் எழும் சித்திரம் என்ன? ஒடுங்கிய கன்னம், விரலிடுக்கில் சிகரெட், இருமல், அகாலத் தேநீர். பாரதி 38 வயதில் போனார். கு.ப.ரா. 1944இலும் புதுமைப்பித்தன் 1948இலும் மறைந்தபோது இருவருக்கும் 42 வயது. இந்த எண்களை நாம் ஏதோ மேதைமையின் சான்றிதழ்போலச் சொல்லிக்கொள்கிறோம். புதுமைப்பித்தனைக் கொன்றது காசநோய். அந்நாளில் அதற்குரிய மருந்து இந்நாட்டு ஏழைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அவர்கள் யாரும் நோயை விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை. வறுமை அவர்கள்மீது சுமத்தியதை, நல்ல சம்பளமும் மருத்துவக் காப்பீடும் வைத்துக்கொண்டிருக்கும் நாம் ஒரு அழகியலாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். இது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அன்று. உடம்பை வளர்ப்பது பற்றிய திருமூலரின் பாடலை நம்மில் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். சொல்லி முடித்துவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார்கள்.

(வடையின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. அன்று நானும் இரண்டு தின்றேன்.)

இனி நடை. நான் நடைக்கு எதிரி அல்லன். ஆறு ஆண்டுகள் ஒருநாள் தவறாமல் நடந்தவன். கையில் கட்டிய கருவி பத்தாயிரம் என்று காட்டும்வரை இரவு பத்து மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து மனைவியின் பொறுமையைச் சோதித்தவன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று நான் அன்று கேட்டுப் பார்த்ததில்லை. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்த கையோடு, 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள். காதுக்கு இனிய, நினைவில் நிற்கும் ஒரு முழு எண். ஒரு வணிகப் பெயரை நாம் மருத்துவ உண்மையாக்கி, பிறகு மதச் சடங்காகவும் ஆக்கிக்கொண்டோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையை நண்பர்கள் எனக்கு அடிக்கடி அனுப்புவார்கள்: வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். சரி, நடை அதற்குள் அடங்கும். ஆனால் அதே பரிந்துரை, வாரத்தில் இரண்டு நாட்களாவது உடலின் பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாம் பகுதியை எவரும் அனுப்பியதில்லை. நமக்குச் சட்டை கசங்காமல் செய்ய முடிந்த பகுதி மட்டும் போதுமானதாக இருக்கிறது.

ஏன் போதாது? முப்பது வயதுக்குப்பின் தசை பத்தாண்டுக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம்வரை கரைகிறது. அறுபதை நெருங்கினால் வேகம் இன்னும் கூடும். கரைவதிலும் முதலில் கரைவது நீண்டநேரம் மெல்ல உழைக்கும் இழைகள் அல்ல. சட்டென்று பெருவிசை தரும் இழைகள். இந்த இழைகளை உடம்பு சில்லறை வேலைக்கு அழைப்பதே இல்லை. பெரும் பாரம், பெரு முயற்சி என்று வரும்போதுதான் அவற்றுக்கு அழைப்பு போகும். பூங்காவைச் சுற்றி, அரசியல் பேசிக்கொண்டு நடப்பவரின் உடம்பில் அவை ஆண்டுக்கணக்கில் அழைப்பே வராமல் உட்கார்ந்திருந்து, ஓய்ந்துபோகின்றன.

இது இன்னும் புள்ளிவிவரமாகவே இருக்கிறது. எனக்கு இது புள்ளிவிவரமாக வந்து சேரவில்லை.

2024 ஜனவரியில், பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காவிரிக்கரையில் ஒரு சிற்றூர். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஒரு விடியற்காலையில் குளியலறையில் ஏதோ சரியும் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தால், ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். நல்ல நினைவோடுதான் இருந்தாள்; எலும்பு எதுவும் முறியவில்லை என்பது பிறகு தெரிந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: தூக்கி நிறுத்த வேண்டும். அல்லது கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஐம்பத்துநான்கு கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டி.

என்னால் முடியவில்லை. குனிந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். முதுகு வளைந்ததே தவிர அவள் எழவில்லை. குந்தி உட்கார்ந்து முயன்றேன். உட்கார்ந்த நான் எழுவதே பாடாக இருந்தது. மூன்றாம் முறை, பாதி எழுந்தவளைக் கைநழுவவிட்டேன். அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய் உரிக்கிற பெரியவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், என்னைவிட அரையடி குள்ளம். குதிகாலை ஊன்றிக் குந்தினார், இரு கைகளையும் அவள் முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் செலுத்தினார், நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், தொடையால் எழுந்தார். அவ்வளவுதான். ஒரு மூச்சு.

கட்டிலில் படுத்தபின் அம்மா அவரிடம் சொன்னாள்: "அவனைத் தப்பா நினைச்சுக்காதீங்க. படிச்ச கை அது. அதுக்கு எங்க இருக்கு பலம்?"

எனக்காகப் பரிந்துதான் பேசினாள். அதுவரை நான் கேட்ட எந்த வசையும் அந்தப் பரிவுக்கு ஈடில்லை. அன்றைய தேதியில் என் கைக்கருவி ஆறாண்டுகளில் இரண்டு கோடி அடிகளுக்கு மேல் கணக்கு வைத்திருந்தது. அந்த இரண்டு கோடியில் ஒன்றுகூட அந்தக் குளியலறைக்குள் எனக்கு உதவ வரவில்லை.

ஆகவே நண்பரின் முதல் குற்றச்சாட்டுக்கு என் பதில் இதுதான். வயதாவதை நான் ஏற்றுக்கொள்ளாமல் இல்லை. என் வயதை மட்டுமல்லாமல் என் தாயின் வயதையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் நிற்கிறேன். நடுவயது என்பது நம்மைச் சுமந்தவர்களை நாம் சுமக்க வேண்டிய பருவம். 'சுமத்தல்' என்பதை நாம் எப்போதும் உருவகமாகவே புரிந்துகொள்கிறோம். பணம் அனுப்புகிறோம், மருத்துவரிடம் பேசுகிறோம், தொலைபேசியில் விசாரிக்கிறோம். ஈரத்தரையில் அது உருவகம் அன்று.

ஏன் துடுப்பு இயந்திரம்? உலகில் வேறு பயிற்சியே இல்லையா? இருக்கிறது. எனக்கு இது பழக்கம், அவ்வளவுதான். 1998இல் மாசசூசெட்ஸில் மேற்படிப்புக்கு வந்தபோது, பல்கலைக்கழகத்தின் புதிய துடுப்பாளர் அணியில் இரண்டு பனிக்காலம் சேர்ந்திருந்தேன். ஆறு உறைந்துவிடும், படகு கொட்டிலில் இருக்கும், நாங்கள் வரிசையாக இயந்திரங்களில் உட்கார்ந்து, இல்லாத ஆற்றை வலித்துக்கொண்டிருப்போம். நிலத்தில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பது நகைப்புக்குரிய புதுமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கார்த்தேஜுடன் நடந்த முதற்போரில், கி.மு. 260ஐ ஒட்டி, கப்பல்கள் கட்டி முடியும் முன்னரே ரோமானியர்கள் தம் ஆட்களைக் கரையில் பலகைகளில் வரிசையாக உட்காரவைத்து, நடுவே தாளம் சொல்பவனை நிறுத்தி, ஒருசேரச் சாய்ந்து எழப் பழக்கினார்கள் என்று பாலிபியஸ் எழுதியிருக்கிறார். என் பேஸ்மென்ட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது.

இன்றைய இயந்திரத்தின் கதை இன்னும் எளியது. வெர்மான்ட் மாநிலத்தில் துடுப்புகள் செய்து விற்றுவந்த டிரெய்சிகாக்கர் சகோதரர்கள் இருவர், குளிர்காலப் பயிற்சிக்காக ஒரு சைக்கிளைத் தரையில் அறைந்து, அதன் சங்கிலியை இழுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து 1981இல் முதல் கான்செப்ட்2 இயந்திரம் பிறந்தது. அக்காலத்தில், மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் போக முடியாமற்போன துடுப்பாளர்கள் சிலரும் அவர்களுடைய தோழர்களும் பாஸ்டனில் இந்த இயந்திரங்களை வைத்தே ஒரு போட்டி தொடங்கினார்கள். தம் குழுவுக்கு அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரைத் தமிழில் சொன்னால், 'சார்லஸ் ஆற்று முன்னாள் நட்சத்திரங்கள், இந்நாள் செல்லாக்காசுகள்' என்று வரும். பின்னாளில் உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து கலந்துகொண்ட போட்டியாக அது வளர்ந்தது. தம்மைச் செல்லாக்காசு என்று தாமே அழைத்துக்கொண்டு வலிக்க உட்கார்ந்தவர்களிடம், வயதை மறுக்கிறீர்கள் என்று யார் போய்ச் சொல்வது?

இயந்திரத்தை அறியாதவர்களுக்கு: தண்டவாளம் ஒன்றின்மேல் முன்னும் பின்னும் உருளும் ஓர் இருக்கை. பாதங்களை வார்ப்பட்டையால் கட்டிக்கொண்டு, சங்கிலியோடு பிணைத்த கைப்பிடியை இழுக்க வேண்டும். சங்கிலி ஒரு காற்றாடிச் சக்கரத்தைச் சுழற்றும். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு காற்று எதிர்க்கும். இழுப்பதைக் கைவேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தொடையும் பிட்டமும்தான் முதலாளிகள். பாதத்தால் உதைத்து, முதுகைச் சாய்த்து, கடைசியில்தான் கையை நெஞ்சருகே கொண்டுவர வேண்டும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை, முதுகு, கால். தேங்காய் உரிக்கும் பெரியவர் என் அம்மாவைத் தூக்கியபோது நான் கண்டது கிட்டத்தட்ட இதே அசைவு.

இதற்கு ஒரு கொடூரமான நேர்மை உண்டு. தேவையான உழைப்பு வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு உழைக்க வேண்டும். 1998இல் இரண்டாயிரம் மீட்டரை நான் 7 நிமிடம் 38 விநாடியில் முடித்தேன். சராசரியாக 233 வாட். அணியில் கடைசிக்கு இரண்டு இடம் முன்னே. உலகத்தரம் என்பது வேறு உலகம்: ஆஸ்திரேலியரான ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018இல் இதே தூரத்தை 5 நிமிடம் 35.8 விநாடியில் முடித்திருக்கிறார். ஊரிலிருந்து திரும்பிய மார்ச் மாதத்தில், பயன்படுத்திய இயந்திரம் ஒன்றை வாங்கிவந்து அதே தூரத்தை வலித்தேன். 9 நிமிடம் 46 விநாடி. 111 வாட். பாதிக்கும் குறைவு. நேரத்தில் இரண்டு நிமிட வேறுபாடாகத் தெரிவது, உழைப்பின் கணக்கில் ஒரு மனிதன் அரை மனிதனாகிவிட்ட செய்தியாக இருந்தது. முடித்தபின் இருக்கையிலிருந்து சரிந்து, சிமென்ட் தரையில் நெடுநேரம் கிடந்தேன். நடைக்கருவி ஆறு ஆண்டுகளாக எனக்கு வாழ்த்து மட்டுமே சொல்லிவந்தது. இது உண்மையைச் சொன்னது.

பிறகு நான் செய்தது முட்டாள்தனம். அதையும் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதின் நினைவு மூளையில் அப்படியே இருந்தது, தசையில் இல்லை. காற்றாடியின் பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிட்ட ஒரு நெம்பு இருக்கும். அதைப் பத்தில் வைப்பதுதான் ஆண்மை என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது கடினத்தின் அளவே அல்ல. சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று புகலாம் என்பது மட்டுமே. எனக்கு இது தெரியும். தெரிந்தும் பத்தில் வைத்தேன். மூன்றாம் வாரம் இடுப்புக்கு மேல் ஒரு சுளுக்கு. பத்து நாள் காலுறையை மனைவி மாட்டிவிட வேண்டியிருந்தது. நடுவயதில் திரும்பி வருகிறவர்களைக் கெடுப்பது சோம்பல் அன்று. பழைய எண்களின் மீதான விசுவாசம்.

அதன்பின் நெம்பு நான்குக்கு இறங்கியது. நிமிடத்துக்கு இருபது வலிப்பு. அதாவது ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி. ஒரு விநாடி உந்தல், இரண்டு விநாடி மீட்சி. இந்த மீட்சியில்தான் புதியவர்கள் தோற்பார்கள். முன்னே பாய்ந்து வந்து மூச்சிரைப்பார்கள். வரும் வழியில் மெல்ல வரக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது. வாரத்தில் ஐந்து நாள். நான்கு நாள், பேச முடிகிற வேகத்தில் நாற்பது நிமிடம். ஒரு நாள் மட்டும், பேச முடியாத வேகத்தில் நானூறு ஐந்நூறு மீட்டர்களாக உடைத்து.

தமிழில் இதற்கு 'துடுப்பு வலித்தல்' என்று சொல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. இழுப்பதும் வலித்தல், நோவதும் வலித்தல். அதே வேர்ச்சொல் வன்மையையும் குறிக்கும். குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருப்பது இந்தப் பொருளில்தான். இழுவை, நோவு, வலிமை மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழிக்காரர்கள் நாம். இன்று நாம் பேசும் தமிழில் அந்தச் சொல்லுக்கு நோவு என்ற ஒரு பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"இத்தனை வலித்து என்ன, போன வயது திரும்பவா போகிறது?" என்று நண்பர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு டல்லாஸில் ஓர் அருமையான பதில் இருக்கிறது. 1966இல் அங்கே இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து, அவர்களுடைய உடல் உழைப்புத் திறன் எப்படிக் குலைகிறது என்று அளந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப்பின் அதே ஐவரைத் தேடிப்பிடித்து, ஐம்பது வயதில் மீண்டும் அளந்தார்கள். இருபது வயதில் கிடந்த அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு, முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிடப் பெரிதாக இருந்தது! பிறகு ஆறு மாதம் படிப்படியாகக் கூட்டிய பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்த திறனை ஐவரும் மீட்டார்கள். 1966இல் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவுக்கே வந்தார்கள். 2001இல் வெளியான முடிவு இது.

நான் நேர்மையாக இருக்க வேண்டுமானால் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும். அவர்கள் துடுப்பு வலிக்கவில்லை. நடந்தார்கள், மெல்ல ஓடினார்கள், நிலைச் சைக்கிள் மிதித்தார்கள். ஆனால் உழைப்பு மாதந்தோறும் ஏறிக்கொண்டே போனது. ஏறாத நடையை, அதே பூங்காவை அதே வேகத்தில் அதே அரசியலோடு பத்தாண்டு சுற்றுவதை, நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டாவது: இருபது வயதில் பயிற்சி செய்தபின் எட்டிய உச்சத்தை அவர்களில் ஒருவரும் ஐம்பதில் எட்டவில்லை. அது போனது போனதுதான். மீள்வது எது, மீளாதது எது என்ற எல்லைக்கோட்டை இதைவிடத் தெளிவாக வரைய முடியாது.

இந்தக் கோட்டை மறைத்து வியாபாரம் செய்பவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. 'தொண்ணூறு நாளில் புதிய நீங்கள்' என்று தொப்பையோடு ஒரு படமும் தொப்பையில்லாமல் ஒரு படமும் போடுகிற கூட்டம். நண்பர் என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துதான் அற்பத்தனம் என்றார் என்று நினைக்கிறேன். அவர்கள் விற்பது கண்ணாடி. ஒரு சட்டையைக் கழற்றினால் தெரிகிற மாற்றத்துக்கு வெளியே அவர்களுக்கு உடம்பே கிடையாது. அவர்களை வெறுக்கும் உரிமை நண்பருக்கு முழுமையாக உண்டு. ஆனால் அவர்கள்மீதுள்ள வெறுப்பை, ஒரு வடையையும் ஒரு மணி நேர நடையையும் காப்பாற்றிக்கொள்ளும் கேடயமாக வைத்துக்கொள்வதுதான் நேர்மையில்லை.

அயர்லாந்தில் ஒரு முதியவர். எழுபத்து மூன்று வயதுவரை பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. ரொட்டி சுடுகிறவராகவும் பிறகு மின்கலத் தொழிலாளியாகவும் உழைத்தவர். கல்லூரித் துடுப்பாளனான பேரன் அழைத்துப் போன இடத்தில் ஒருநாள் இயந்திரத்தில் உட்கார்ந்தார். வயதுப் பிரிவில் நான்கு முறை உலக வெற்றியாளராகிவிட்ட அவரை, தொண்ணூற்றிரண்டு வயதில் லிமரிக் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அளந்து கட்டுரை எழுதினார்கள். உடல் எடையில் எண்பது சதவீதம் தசை. நாளுக்குச் சராசரியாக நாற்பது நிமிடம்தான் வலிக்கிறார். அதிலும் பெரும்பகுதி மெல்ல. அவருடைய தொழிலை நினைத்துப் பாருங்கள். சதா அறிவுலகில் சஞ்சரிப்பவர்கள் வயதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாவு பிசைந்த கை எழுபத்து மூன்றில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டது.

நம் தரப்புக்கு இன்னொரு கூடுதல் அவசரம் இருக்கிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். எங்கள் சந்திப்புக்கு வரும் பதினான்கு பேரில் தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்பவர்கள் ஆறு பேர். உண்ட சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். உழைக்கும் தசைக்கு, இன்சுலின் வந்து கதவு தட்டாமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் வழி ஒன்றும் இருக்கிறது. கிடங்கைக் கரையவிட்டுவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது என்ன கணக்கு? பிரிட்டனின் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997இல் நீரிழிவு என்று தெரியவந்தது. அவர் 2000இல் சிட்னியில், 38 வயதில், துடுப்பில் தம் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். நாம் ரெட்கிரேவ் அல்லர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'எனக்குச் சுகர் சார், அதெல்லாம் முடியாது' என்ற வாக்கியத்தின்மீது அதன்பிறகு எனக்கு மரியாதை போய்விட்டது. (மருத்துவரைக் கேட்காமல், இதயத்தைச் சோதிக்காமல் யாரும் நாளைக் காலையே தொடங்கிவிட வேண்டாம். நான் இரண்டையும் செய்த பின்னரே உட்கார்ந்தேன்.)

பணம் என்ற எதிர்வாதம் மட்டும் எனக்கு முழுமையாக வலுவுள்ளதாகப் படுகிறது. புதிய இயந்திரம் ஏறத்தாழ ஆயிரம் டாலர். நடைக்குச் செருப்புகூட வேண்டாம். இது வசதி உள்ளவனின் பேச்சு என்றால் ஆமாம், அப்படித்தான். ஆனால் நான் விவாதிப்பது வசதி உள்ளவர்களோடுதான். நாள் முழுதும் பாரம் இழுக்கிற ஒருவருக்கு இந்தக் கட்டுரையில் எந்த அறிவுரையும் இல்லை. இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் தண்டால் எடுக்கட்டும், பஸ்கி போடட்டும், கிணறு இருந்தால் நீர் இறைக்கட்டும். எதுவானாலும் இந்த மாதம் போன மாதத்தைவிடச் சற்று ஏறியிருக்க வேண்டும், அவ்வளவே.

பதினான்கு மாதம் கழித்து இரண்டாயிரம் மீட்டரை மறுபடியும் வலித்தேன். 8 நிமிடம் 21 விநாடி, 178 வாட். 1998இன் நான்கில் மூன்று பங்கு. மீதிக் கால்பங்கு வராது என்றே நினைக்கிறேன்.

காணொளியில் அம்மாவுக்கு இயந்திரத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இருந்த இடத்துலயே இழுத்து இழுத்து எங்கடா போய்ச் சேரப்போற?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் இந்தியக் கடையிலிருந்து நாற்பது பவுண்டு சோனா மசூரி மூட்டைகள் மூன்றை வாங்கி வந்தேன். மூன்றும் சேர்ந்தால் அவளுடைய எடை. பேஸ்மென்ட் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பெரியவர் குந்தியதுபோலக் குந்தி, கைகளை அடியில் செலுத்தி, தொடையால் எழுந்து பார்க்கிறேன், வாரம் ஒருமுறை. இரண்டு மூட்டையோடு எழ முடிகிறது. மூன்றாவதை இன்னும் வைக்கவில்லை. டிசம்பரில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன்.